குடவோலையும் காற்பந்துக் குலுக்கலும்

பட்டர்வொர்த்துத் துறைமுகத்தை அடுத்த பாகான் டாலாம், கடற்காலுக்கு அப்பால் ஜார்ஜ் டவுனைப் பார்த்தபடி அமைந்த ஊர். மலாய் மொழியில் 'பாகான்' என்னும் சொல் படகு வந்தணையும் துறையைக் குறிக்கும். துறைமுகத்திலும் புகைவண்டிப் பகுதியிலும் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இத்தகைய ஊர்களிலும், உள்நாட்டுத் தோட்டங்களிலும், மாலை வேளைகளில் மக்களை ஒன்றுகூட்டும் இடம் காற்பந்துத் திடல்தான். எழுவர் காற்பந்துப் போட்டி ஒன்று நடப்பதென்றால், பந்து உருளுமுன் நடைபெறும் முதல் சடங்கு சீட்டுக் குலுக்கலாகும். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் அணிகளின் பெயர் எழுதிய துண்டுச் சீட்டுகளை இடுவார்கள். அருகில் நிற்கும் சிறுவன் ஒருவனை அழைத்து எடுக்கச் சொல்வார்கள். எந்த அணி எந்தப் பிரிவில் ஆடும் என்பது அவ்வளவில் முடிவாகிவிடும்.

தோற்ற அணியினர் நடுவரைக் குறை கூறுவதுண்டு. திடலைக் குறை கூறுவதுண்டு. மழையையும் குறை கூறுவதுண்டு. ஆனால் சீட்டைக் குறை கூறுவோர் குறைவு. "குழந்தைதானே எடுத்தது! அதற்கென்ன ஓரவஞ்சனை?" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வர். குழந்தையின் கை கள்ளமற்றது என்பதில் ஐயமில்லை. எனினும் கள்ளமற்ற கை எடுத்துவிட்டால் குலுக்கல் நேர்மையானதாகிவிடுமா என்பது வேறு கேள்வி. உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் வரலாற்றையும், தமிழகத்தின் உத்தரமேரூர்க் கல்வெட்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு இக்கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும். சட்டியில் இருப்பதே அகப்பையில் வரும். குலுக்கலின் நேர்மை பெரும்பாலும் எடுக்கும் கையில் இல்லை. எடுப்பதற்கு முன்னே வகுக்கும் விதியில் இருக்கிறது.

உத்தரமேரூர் காட்டும் முறை

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல் பொறிக்கப்பட்டது; மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921இல் பொறிக்கப்பட்டது. ஊரை நிருவகிக்கும் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியே தேர்ந்தெடுக்கும் முறையை இவை விளக்குகின்றன. கல்வெட்டு அறிஞர் வெங்கையா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை அறிஞருலகுக்கு விரிவாக எடுத்துரைத்தார்; பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சிமுறை பற்றிய தம் ஆராய்ச்சியில் இவற்றை நுணுகி ஆராய்ந்தார்.

குடத்திலிட்ட ஓலையை எடுக்கும் வழக்கம் சோழர் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. அகநானூற்றின் 77ஆம் பாடலில், கயிற்றால் கட்டி முத்திரையிட்ட குடத்தைத் திறந்து ஓலைகளை வெளியே எடுக்கும் அலுவலர் உவமையாகக் காட்டப்படுகின்றனர். அவ்வுவமை படிப்பவர்க்கு விளங்குமென்று புலவர் கருதினாரெனில், அவ்வழக்கம் அக்காலத்தில் நன்கறியப்பட்டதே எனலாம்.

உத்தரமேரூர் முறை இது: ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்பு என்பது இக்கால வட்டாரம் போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டி, குடும்பின் பெயரை வாயோலையாகப் பூட்டிக் குடத்தில் இடுவர். சபையார் சிறியவரும் பெரியவருமாகக் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் எழுந்து நின்று, கூடியோர் எல்லாரும் காணும்படி குடத்தை உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டு அவிழ்க்கப்பட்டு வேறொரு குடத்தில் இடப்பட்டுக் குலைக்கப்படும். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று வாசிப்பான். நம்பிமார் எல்லாரும் வாசிப்பர். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் பணி செய்வர். பணிக்காலம் 360 நாள்.

உள்ளங்கையை விரிக்கச் சொன்ன கவனத்தைப் பலரும் வியந்து எழுதியுள்ளனர். விரல்களுக்கிடையில் வேறோர் ஓலையை மறைத்துவைக்க இயலாது என்பதே அதன் பயன். ஆயினும் அதைவிடக் கருதத்தக்கது ஒன்றுண்டு. நிலவரம்பு, சொந்த மனையில் வீடு, வயது வரம்பு, கல்வி, முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாமை, முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதோரையும் அவர்தம் உறவினரையும் விலக்குதல் என உத்தரமேரூரார் விதித்த கட்டுப்பாடுகள் பல. அவையனைத்தும் ஓலை எழுதுவதற்கு முன்பே பார்க்கப்பட்டன. விலக்க வேண்டியவர் பெயர் குடத்துக்குள்ளேயே புகவில்லை. குடத்துக்குள் புகுந்தபின் ஓலைக்கு எத்தடையுமில்லை. வந்த ஓலை வந்ததே. "இவ்வோலை வேண்டாம், அடுத்ததை எடு" என்னும் பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

இம்முறையை இன்றைய பொருளில் மக்களாட்சி என்று புகழ்வது மிகையாகும். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர் சபை. பெண்டிர்க்கும், நிலமற்ற உழவர்க்கும், பிற குடியினர்க்கும் அங்கே ஓலை இல்லை. எழுதப்படாத ஓலையை எந்தக் குழந்தையின் கையும் எடுக்க முடியாது. காற்பந்தும் இதற்கு விலக்கன்று. 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்துக்கு ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய பகுதிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஓர் இடந்தான் ஒதுக்கப்பட்டது. அதை எதிர்த்து ஆப்பிரிக்க நாடுகள் போட்டியைப் புறக்கணித்தன. எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்க்கு அந்நேர்மையால் பயனில்லை.

ஓர் ஆட்டத்துக்காகக் கடல் கடந்தோர்

முதல் உலகக் கிண்ணப் போட்டி 1930இல் உருகுவேயில் நடைபெற்றது. வந்தவை 13 அணிகள். அவை நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. ஒரு பிரிவில் நான்கு அணிகள், மற்ற மூன்றிலும் மும்மூன்று அணிகள். அர்ஜெண்டினா, பிரேசில், உருகுவே, அமெரிக்கா ஆகிய நான்கும் தலைமை அணிகளாகக் கருதப்பட்டுப் பிரிவுக்கு ஒன்றாக வைக்கப்பட்டன. வலிமை மிக்கோர் தொடக்கத்திலேயே தமக்குள் மோதி வெளியேறலாகாது என்னும் கருத்து அன்றே தோன்றிவிட்டது.

1934இல் இத்தாலியில் பிரிவுகளே இல்லை. தோற்றவர் வெளியேற வேண்டும். பிரேசிலும் அர்ஜெண்டினாவும் அட்லாந்திக் பெருங்கடலைக் கடந்து வந்து, ஆளுக்கோர் ஆட்டம் ஆடித் தோற்று, வந்த வழியே திரும்பின. பல நாள் கப்பலில் வந்த அணிக்குத் தொண்ணூறு நிமிட ஆட்டமே மிஞ்சியது. பிரிவு முறையின் சிறப்பை இந்நிகழ்ச்சி உணர்த்தும். பிரிவில் ஆடும் அணி ஒரு நாள் தவறினாலும் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பிரிவுகள் ஏறக்குறைய ஒத்தனவாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லையேல் நிகழ்வது யாது என்பதை 1950ஆம் ஆண்டு காட்டியது.

அவ்வாண்டுப் போட்டி பிரேசிலில் நடந்தது. இந்தியாவுக்கும் அதில் இடமிருந்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகியவற்றுடன் மூன்றாம் பிரிவில் இந்தியாவின் பெயர் குலுக்கலில் வந்தது. ஆனால் இந்தியா போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. வேறு சில நாடுகளும் விலகின. எஞ்சிய 13 அணிகளையும் மீண்டும் சமமாகப் பங்கிடாமல் அப்படியே விட்டுவிட்டனர். இரண்டு பிரிவுகளில் நந்நான்கு அணிகள், ஒன்றில் மூன்று, மற்றொன்றிலோ உருகுவேயும் பொலிவியாவும் மட்டுமே. உருகுவே அந்த ஒரே ஆட்டத்தில் 8-0 எனப் பொலிவியாவை வென்று இறுதிச் சுற்றுக்குச் சென்றது. அதே கட்டத்தில் பிரேசில் மூன்று ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. முடிவில் 1950 ஜூலை 16ஆம் நாள் உருகுவே 2-1 எனப் பிரேசிலை வீழ்த்திக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. உருகுவே வீரரின் திறமையை இதனால் குறைத்துரைப்பது முறையன்று. எனினும் ஒருவர்க்கு மூன்று தேர்வும் மற்றொருவர்க்கு ஒரு தேர்வும் வைத்து இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தும் பள்ளிக்கூடத்தை யாரும் ஒப்பமாட்டார்கள்.

கண் கட்டிய சிறுவன்

1954ஆம் ஆண்டுப் போட்டிக்கான தகுதிச் சுற்றில் ஸ்பெயினும் துருக்கியும் மோதின. மத்ரீத்தில் ஸ்பெயின் 4-1 என வென்றது; இஸ்தான்புல்லில் துருக்கி 1-0 என வென்றது. கோல் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத காலம் அது. ஆகவே ரோம் நகரில் மூன்றாம் ஆட்டம் நடந்தது. அதுவும் 2-2 எனச் சமனாயிற்று. முடிவில் ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டிச் சீட்டெடுக்கச் செய்தனர். வந்தது துருக்கியின் பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூர்ச் சபையில் நின்ற சிறுவனே ரோமாபுரியில் மீண்டும் வந்து நின்றானோ என்று எண்ணத் தோன்றும்!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. எந்தெந்த அணிகள் தலைமை அணிகள் என்பதை ஏற்பாட்டாளர் தகுதிச் சுற்று முடியுமுன்பே வகுத்துவிட்டிருந்தனர். ஸ்பெயின் வருமென்று ஒதுக்கிய தலைமையிடம், ஸ்பெயின் வெளியேறவே, துருக்கிக்குப் போயிற்று. அவ்வாண்டு விதிப்படி ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு தலைமை அணிகள், இரண்டு பிற அணிகள். தலைமை அணிகள் தமக்குள் மோதமாட்டா. மற்ற இரண்டும் தமக்குள் மோதமாட்டா. அங்கேரியும் துருக்கியும் தலைமை அணிகளாகவும், மேற்கு ஜெர்மனியும் தென் கொரியாவும் பிற அணிகளாகவும் ஒரே பிரிவில் அமைந்தன. மேற்கு ஜெர்மனி துருக்கியை 4-1 என வென்றது. அங்கேரியிடம் 3-8 எனத் தோற்றது. துருக்கியோ தென் கொரியாவை 7-0 எனத் தோற்கடித்தது. இருவரும் சமநிலையில் நிற்க, மீண்டும் ஓர் ஆட்டம் நடந்தது. மேற்கு ஜெர்மனி 7-2 என வென்று மேலே சென்றது. இறுதியாட்டத்தில் அதே அங்கேரியை 3-2 என வென்று கிண்ணமும் கொண்டது. தாழ்த்தி வைக்கப்பட்ட அணி உலக வாகை சூடிற்று. உயர்த்தி வைக்கப்பட்ட துருக்கி முதற் சுற்றிலேயே வெளியேறியது. சிறுவன் எடுத்த சீட்டில் பிழையில்லை. அச்சீட்டுக்குத் தலைமையிடத்தையும் சேர்த்துக் கட்டிவைத்த விதியில்தான் பிழை.

1974ஆம் ஆண்டுக் குலுக்கலிலும் ஒரு சிறுவன் சீட்டெடுத்தான். பாடகர் குழுவைச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுவன் அவன். பிரிந்து கிடந்த மேற்கு ஜெர்மனியையும் கிழக்கு ஜெர்மனியையும் அவன் கை ஒரே பிரிவில் சேர்த்துவைத்தது. அரசியலார் அஞ்சியிருந்தாலும் அதை மாற்ற யாரும் முனையவில்லை. சீட்டின் மாண்பு அதுவே: வந்ததை எல்லாரும் ஏற்பது.

கண்டவாரியாகப் பிரித்த குடங்கள்

1958இல் சுவீடனில் புதிய முறையொன்று கையாளப்பட்டது. பதினாறு அணிகளை வலிமைப்படி பிரிக்காமல் நிலப்பகுதிப்படி நான்கு குடங்களாகப் பிரித்தனர்: மேற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா, பிரிட்டானியத் தீவுகள், இலத்தீன் அமெரிக்கா. ஒவ்வொரு பிரிவுக்கும் குடத்துக்கு ஓர் அணி. இதனால் ஒரே பகுதியார் தம்முள் மோதுவது தவிர்க்கப்பட்டது. ஆனால் பிரேசில், சோவியத் நாடு, இங்கிலாந்து, ஆஸ்திரியா ஆகிய நான்கும் ஒரே பிரிவில் வந்து சேர்ந்தன. நிலப்பகுதி என்பது வலிமைக்கு அளவுகோல் ஆகாது என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

எனினும் நிலப்பகுதியைக் கொண்டு குடம் பிரிக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 2014ஆம் ஆண்டுப் போட்டிக்கு, நாட்டுரிமையாளரான பிரேசிலையும் தரவரிசையில் சிறந்த ஏழு அணிகளையும் முதற் குடத்தில் இட்டனர். மற்ற மூன்று குடங்களும் பெரும்பாலும் கண்டவாரியாகவே அமைந்தன. அக்குலுக்கலில் உருகுவே, இத்தாலி, இங்கிலாந்து எனக் கிண்ணம் வென்றிருந்த மூன்று நாடுகள் கோஸ்ட்டா ரிக்காவுடன் ஒரே பிரிவில் சேர்ந்தன. பெல்ஜியம், அல்ஜீரியா, ரஷ்யா, தென் கொரியா அடங்கிய மற்றொரு பிரிவிலோ கிண்ணம் வென்ற நாடு ஒன்றுகூட இல்லை. ஆட்டத்தில் கோஸ்ட்டா ரிக்கா முதலிடம் பெற்று உலகை வியக்கவைத்தது என்பது வேறு செய்தி. வீரரின் ஆற்றலால் நேர்ந்த அந்த வியப்பு, விதியின் கோணலை நேராக்கிவிடாது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜூலியன் குயோன் 2014இல் இக்குறையை விரிவாக எடுத்துக்காட்டி, அணிகளை முழுவதும் தரவரிசைப்படியே குடங்களில் இட வேண்டுமென்றும், கண்டக் கட்டுப்பாட்டைத் தனியாகக் கையாள வேண்டுமென்றும் எழுதினார். 2018ஆம் ஆண்டுப் போட்டிக்கு நான்கு குடங்களும் தரவரிசைப்படியே அமைக்கப்பட்டன. நாட்டுரிமையாளரான ரஷ்யா மட்டும் தரவரிசை நோக்காமல் முதற் குடத்தில் வைக்கப்பட்டது.

குடம் தரவரிசையைச் சார்ந்ததும், தரவரிசையை நோக்கிச் சிலர் கணக்குப் போடத் தொடங்கினர். அக்காலத் தரவரிசை ஆட்டங்களின் சராசரியைக் கொண்டு அமைந்தது. நட்புமுறை ஆட்டத்தில் வென்றாலும் கிடைக்கும் புள்ளி குறைவாதலின், அது சராசரியைக் கீழே இழுத்துவிடும். ஆடாதிருப்பதே ஆதாயம்! போலந்து நெடுநாள் நட்புமுறை ஆட்டங்களைத் தவிர்த்து 2017 அக்டோபரில் ஆறாம் இடத்தில் நின்றது. முதற் குடத்திலும் இடம் பெற்றது. ஸ்பெயின் இரண்டாம் குடத்துக்குப் போயிற்று. போலந்து தன் பிரிவில் கடைசியாக வந்தது. 2018இல் தரவரிசைக் கணக்கீட்டு முறையே மாற்றப்பட்டது. உத்தரமேரூரிலும் 919இல் செய்த ஏற்பாடு 921இல் திருத்தப்பட்டதை இங்கே நினைவுகூரலாம். வயது வரம்பு 30 முதல் 60 என்றிருந்தது 35 முதல் 70 என மாறியது. தகுதியும் விலக்கும் மேலும் நுட்பமாக வரையறுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் தம் விதியைத் தாமே திருத்தி அதையும் கல்லில் வெட்டிவைத்தவர்கள், விதியின் குறையை ஒப்புக்கொள்வதை இழுக்கென்று கருதவில்லை.

மூன்று சீட்டுக் கணக்கு

இனி, கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோணல் உண்டு. குடங்கள் சமமாக இருந்தாலும், குழந்தை எடுத்தாலும், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தாலும் இக்கோணல் நேரும். அதை விளக்க ஒரு சிறு கணக்கே போதும்.

பாகான் டாலாமில் ஒரு போட்டி நடப்பதாகக் கொள்க. மூன்று பிரிவுகள். 'அ' பிரிவின் தலைமை அணி பாகான் டாலாம் முதல் அணி. 'ஆ' பிரிவுக்குப் பிறை அணி. 'இ' பிரிவுக்கு மாக் மண்டின் அணி. டின்னில் மூன்று சீட்டுகள் உள்ளன: பாகான் டாலாம் இரண்டாம் அணி, நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம். ஓரூர் அணிகள் இரண்டும் ஒரே பிரிவில் ஆடக் கூடாது என்பது விதி. ஆகவே பாகான் டாலாம் இரண்டாம் அணி 'ஆ'வில் அல்லது 'இ'யில்தான் ஆடலாம். இரண்டுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டுமென்பதே எல்லாருடைய எண்ணமும்.

சீட்டு எடுக்கும் வழக்கமான முறை இது: வரும் சீட்டை அடுத்துக் காலியாக உள்ள பிரிவில் வைப்பது, விதி தடுத்தால் அதற்கடுத்த பிரிவுக்குத் தள்ளுவது. பாகான் டாலாம் இரண்டாம் அணியின் சீட்டு முதலில் வந்தால், 'அ' தடுக்கப்பட்டிருப்பதால் 'ஆ'வுக்குப் போகும். இரண்டாவதாக வந்தால், 'அ' முன்னமே நிரம்பியிருப்பதால் அப்போதும் 'ஆ'வுக்கே போகும். மூன்றாவதாக வந்தால் மட்டுமே 'இ'க்குப் போகும். ஆக, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு 'ஆ'வுக்கு. ஒரு பங்கு வாய்ப்பே 'இ'க்கு. பிறை அணி வலியதாக இருந்தால், பாகான் டாலாம் இரண்டாம் அணிக்கு இது பெருங்கேடு. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆயினும் துலாக்கோல் ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

உலகக் கிண்ணக் குலுக்கலிலும் இதே முறைதான் வழங்கிவருகிறது. ஒரே கண்டத்து அணிகள் ஒரு பிரிவில் சேரலாகாது; ஐரோப்பிய அணிகள் மட்டும் இரண்டு வரை சேரலாம். வரும் அணியை அகர வரிசையில் முதலில் பொருந்தும் பிரிவில் வைப்பர். அதனால் விதிக்குட்பட்ட அமைப்புகள் எல்லாம் சம வாய்ப்புடையனவாக இருப்பதில்லை. சில அணிகள் சில பிரிவுகளில் சேரும் வாய்ப்பு, இருக்க வேண்டியதைவிட ஏறியோ இறங்கியோ அமைகிறது. 1990இலேயே ஆங்கிலக் கணித இதழொன்றில் இத்தகைய குறை சுட்டப்பட்டது. குயோனும் அவருக்குப் பின் வந்தோரும் அதை மேலும் விளக்கினர்.

உத்தரமேரூர் முறையில் இக்கோணல் ஏன் நேரவில்லை என்பதற்கு விடை முன்னரே கூறப்பட்டது. அங்கே தடைகள் குடத்துக்கு முன்னே நின்றன. இங்கே தடைகள் குடத்துக்குப் பின்னே நிற்கின்றன. முன்னே நிற்கும் தடை யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதை மட்டும் முடிவு செய்யும். பின்னே நிற்கும் தடையோ வந்த சீட்டைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட சீட்டு வேறொருவர் தலையில் விழும்.

பரிகாரம்

எளிய பரிகாரம் ஒன்றுண்டு. சீட்டைத் தள்ளாமல் மூன்றையும் வந்தவாறே வைத்துப் பார்ப்பது; விதி மீறப்பட்டிருந்தால் அனைத்தையும் டின்னில் இட்டு மறுபடி முதலிலிருந்து குலுக்குவது. மேற்கண்ட கணக்கில் மூன்று அணிகளை மூன்று பிரிவுகளில் வைக்க ஆறு வகை உண்டு. அவற்றுள் இரண்டு விதிக்கு மாறானவை. எஞ்சிய நான்கில் இரண்டில் பாகான் டாலாம் இரண்டாம் அணி 'ஆ'விலும், இரண்டில் 'இ'யிலும் இருக்கும். வாய்ப்பு சமனாகிவிட்டது. அல்லது அந்நான்கு அமைப்புகளையும் நான்கு தாளில் எழுதி டின்னில் இட்டு ஒன்றை எடுத்தாலும் பலன் அதுவே. இது முற்றிலும் உத்தரமேரூர் வழி: தகாததை எழுதாதே; எழுதியதைத் தள்ளாதே.

உலகக் கிண்ணத்துக்கு இது எளிதன்று. எட்டு அணிகளை எட்டுப் பிரிவுகளில் வைக்க 40,320 வகை உண்டு. அதுவும் ஒரு குடத்துக்கு மட்டும். 48 அணிகள் கொண்ட 2026ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பன்னிரண்டு பிரிவுகள். ஒரு குடத்துப் பன்னிரண்டு அணிகளை வைக்கும் வகை 47 கோடியே 90 இலட்சத்துக்கும் மேல். அத்தனையையும் தாளில் எழுத இயலாது. விதி மீறும்போதெல்லாம் முதலிலிருந்து குலுக்கினால் விடிந்துவிடும். கணினியிடம் ஒப்படைத்தால் ஒரு நொடியில் நேர்மையான விடை வந்துவிடும். ஆனால் திரையில் தோன்றும் விடையை உலகம் நம்புமா?

இங்கேதான் உண்மையான இக்கட்டு உள்ளது. குலுக்கல் கணக்கில் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது; காண்போர் கண்ணுக்கும் நேர்மையாகத் தோன்ற வேண்டும். 1982ஆம் ஆண்டுப் போட்டிக்காக மத்ரீத்தில் நடந்த குலுக்கலில் சுழற்கூண்டு சிக்கிக்கொண்டது, பந்தொன்று உடைந்தது, தென் அமெரிக்க அணிகள் ஒன்றுசேராதிருக்கச் செய்த ஏற்பாட்டை மேடையிலிருந்தோர் மறந்ததால் பெல்ஜியமும் ஸ்காட்லாந்தும் தவறான பிரிவுகளில் வைக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டன. தவறு திருத்தப்பட்டாலும் பார்த்தவர் மனத்தில் ஐயம் விழுந்துவிட்டது. அண்மைக் குலுக்கல்களில் பந்தை மனிதர் எடுக்க, அது எப்பிரிவுக்குப் போகலாமென்பதைக் கணினி காட்டுகிறது. 2025 டிசம்பர் 5ஆம் நாள் வாஷிங்டனில் நடந்த குலுக்கலில் மேலும் ஒரு கட்டுப்பாடு சேர்ந்தது. தரவரிசையின் முதல் நான்கு அணிகளான ஸ்பெயின், அர்ஜெண்டினா, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகியவை தத்தம் பிரிவில் முதலிடம் பெற்றால் அரையிறுதிக்கு முன் சந்திக்காதவாறு வழி வகுக்கப்பட்டது. கட்டுப்பாடு கூடக் கூட, காண்போர்க்கு விளங்குவது குறைகிறது.

பிரிட்டனைச் சேர்ந்த கேரத் ராபர்ட்ஸ், கனடாவைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோசன்தால் ஆகிய இரு புள்ளியியல் அறிஞர் இவ்விரண்டையும் இணைக்க முயன்றுள்ளனர். கணக்கைக் கணினி செய்யட்டும். ஆனால் எத்தனை பந்துகளைக் கிண்ணத்தில் இட வேண்டுமென்பதை மட்டும் அது சொல்லட்டும். இறுதி முடிவை எல்லாரும் காணக் கை எடுக்கட்டும் என்பதே அவர்கள் காட்டிய வழிகளின் சாரம். அவ்வாறு செய்தால் விதிக்குட்பட்ட அமைப்புகள் எல்லாம் சம வாய்ப்புப் பெறும். குடமும் பந்தும் மேடையிலேயே இருக்கும். குடத்தை உயர்த்திக் காட்டிய நம்பியாரும், விரலை விரித்த மத்தியஸ்தனும் நாடியது இதையே அன்றோ?

சீட்டு செய்வதும் செய்யாததும்

சீட்டின் மேல் எல்லாப் பழியையும் சுமத்துவதும் தவறு. 2007ஆம் ஆண்டு ஆசியக் கிண்ணத்தை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் கூட்டாக நடத்தின. நான்கும் தத்தம் மண்ணில் ஆடுமாறு பிரிவுக்கு ஒன்றாக வைக்கப்பட்டன. கோலாலம்பூரில் நடந்த குலுக்கலில் மலேசியாவுடன் ஈரான், சீனா, உஸ்பெகிஸ்தான் ஆகிய மூன்றும் சேர்ந்தன. புக்கிட் ஜாலில் அரங்கில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என மலேசியா தோற்றது. சீட்டு கொடிது என்று பலர் வருந்தியிருப்பர். ஆனால் ஜப்பான், கத்தார், ஐக்கிய அரபுச் சிற்றரசுகள் ஆகியவற்றுடன் சேர்ந்த வியட்நாமுக்கு வந்த சீட்டும் எளிதானதன்று. அது ஐக்கிய அரபுச் சிற்றரசுகளை 2-0 என வென்று, கத்தாருடன் 1-1 எனச் சமன் செய்து, கால் இறுதிக்குச் சென்றது. நேர்மையான குலுக்கல் தரக்கூடியது சம வாய்ப்பை மட்டுமே. வெற்றியைத் தருவது பயிற்சி.

அதனாலேயே குலுக்கல் நேர்மையாக இருக்க வேண்டும். நேர்மையான சீட்டில் தோற்றவன் தன் குறையைத் தன் ஆட்டத்தில் தேடுவான், திருந்துவான். கோணல் சீட்டில் தோற்றவனோ குறையைச் சீட்டிலேயே தேடுவான். அவனுக்குத் திருந்தும் வழி அடைபட்டுவிடும். வென்றவனுக்கும் தன் வெற்றி தன்னுடையதுதானா என்னும் ஐயம் நீங்காது.

பாகான் டாலாம் திடலில் நாளை ஒரு போட்டி நடக்குமாயின், அங்கே பிஸ்கட் டின் போதும்; கணினி வேண்டியதில்லை. விதியை முதலில் உரக்கப் படித்துவிட வேண்டும். விதிக்குட்பட்ட அமைப்புகளை மட்டும் தாளில் எழுதி, எழுதியதை இரு தரப்பாருக்கும் காட்ட வேண்டும். டின்னைக் கவிழ்த்து வெறுமையென்று மெய்ப்பித்துவிட்டுத் தாள்களை இட வேண்டும். அதன் பின் அருகில் நிற்கும் சிறுவனை அழைக்கலாம். அவன் எடுத்த சீட்டை உள்ளங்கை விரித்து வாங்கி, எல்லாரும் கேட்க வாசிக்கலாம். அப்போது அந்தக் குழந்தையின் கள்ளமற்ற கைக்கு, பெரியவர்களின் விதியும் ஏற்ற துணையாக நிற்கும்.